மீனை ஏமாற்றும் ஈயம்!

தூண்டிலில் புழு இல்லை, இறால் இல்லை. ஆனாலும் மீன் பாய்ந்து வந்து கவ்வுகிறது!

அது கவ்வுவது வெறும் காரீயம். தூண்டில் முள்ளின் தலையில் ஈயக் குண்டு. அதன்மேல் வண்ணம், ஒரு கண், வாலில் கோழி இறகு. நீரில் விட்டுச் சுண்டிச் சுண்டி இழுத்தால், சின்ன மீன் துள்ளுவது போல் இருக்கும். இதற்கு "ஜிக்" என்று பெயர்.

வடலூரில் பஸ் ஏறி, கடலூர் துறைமுகம் போய்ப் பாருங்கள். வலையின் அடிக்கயிற்றில் கோத்திருப்பதும் இதே காரீயம்தான். தண்ணீரைவிட 11 மடங்கு கனம். வலையை அடிக்கு இழுத்து நிறுத்திவிடும்.

ஜிக்கை வீட்டிலேயே செய்பவர்கள் உண்டு. பழைய ஈயத்தை உருக்கி, முள் வைத்த அச்சில் ஊற்றுகிறார்கள். 327 டிகிரி சூட்டில் உருகிவிடும். கரி அடுப்பே போதும். அச்சில் துளி ஈரம் இருந்தால் போச்சு! ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

ஆறியதும் முதலில் வெள்ளைப் பூச்சு. அதன்மேல்தான் சிவப்போ, மஞ்சளோ. அப்போதுதான் நிறம் எடுப்பாகத் தெரியும். ஆணியின் தலையைக் கறுப்பு வர்ணத்தில் தொட்டு வைத்தால் கண்!

பூச்சு அழகுதான். ஆனால் பாறையில் உரசினால் உரிந்துவிடும். உள்ளே இருப்பது விஷம். காரீயத் தூள் கைவழியே வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இங்கிலாந்தில், நீருக்கடியில் கிடந்த தூண்டில் ஈயத்தை விழுங்கி அன்னங்கள் செத்தன. 1987-ல் சிறிய ஈயக் குண்டுகளுக்கு அங்கே தடை வந்தது.

அப்படியானால் பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு? அது வெள்ளீயம், வேறு உலோகம். கலப்பில்லாத வெள்ளீயத்தில் இந்த விஷம் இல்லை. 232 டிகிரியிலேயே உருகும். ஜிக்கையும் அதிலேயே வார்க்கலாம். கனம் குறைவு, விலைதான் அதிகம்!