மகளிர் இனப்பெருக்க உறுப்புப் புற்றுகளில் கட்டிச் சிதைவு நோய்த்தொகை: திருவண்ணாமலைச் சூழலை முன்வைத்து

திறவுச்சொற்கள்: கட்டிச் சிதைவு, கருப்பைவாய்ப் புற்று, யூரிக் அமிலம், சிஸ்பிளாட்டின், சிறுநீரகச் செயலிழப்பு

முன்னுரை

கீமோதெரபி எனப்படும் வேதிமருந்துச் சிகிச்சையால் புற்றுக்கட்டி விரைந்து அழிவது மருத்துவர் எதிர்நோக்கும் விளைவாகும். எனினும் மிகுதியான உயிரணுக்கள் ஒரே வேளையில் உடையுமாயின், அவற்றுள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், நியூக்ளிக் அமிலங்கள் ஆகியன குருதியில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குகின்றன. இதுவே டியூமர் லைசிஸ் சிண்ட்ரோம் எனப்படும் கட்டிச் சிதைவு நோய்த்தொகை. குருதிப் புற்றிலும் நிணநீர்ப் புற்றிலும் மருத்துவர் இதனை எதிர்பார்த்தே இருப்பர். கருப்பைவாய், சினைப்பை, கருப்பை உட்படலம் ஆகியவற்றின் புற்றுகளில் இது அரிது; பெரும்பாலும் தனித்தனி நோயாளர் அறிக்கைகளாகவே பதிவாகியுள்ளது. முத்துப்பிள்ளைக் கருவைத் தொடர்ந்து தோன்றக்கூடிய நச்சுக்கொடிப் புற்றிலும் காணப்பட்டுள்ளது. அருமை காரணமாகவே இது பிறிதொரு நோயாகக் கருதப்பட்டுவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இயங்குமுறை

நியூக்ளிக் அமிலத்திலுள்ள பியூரின்கள் சாந்தின் ஆக்சிடேஸ் என்னும் நொதியால் யூரிக் அமிலமாகின்றன. அதனை எளிதிற் கரையும் பொருளாக மாற்றும் நொதி பிற பாலூட்டிகள் பலவற்றில் உண்டு, மாந்தரிடம் இல்லை. ஆதலால் மிகுந்த யூரிக் அமிலம் சிறுநீரக நுண்குழல்களில் படிகமாகிறது. பாஸ்பேட் கால்சியத்துடன் கூடிப் படிவதால் குருதிக் கால்சியம் குறைந்து தசை இழுப்பும் வலிப்பும் நேர்கின்றன. பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே நிற்கக்கூடும்.

கைரோ, பிஷப் ஆகியோர் 2004-இல் வகுத்த வரையறை இன்றும் பயன்படுகிறது. சிகிச்சைக்கு 3 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரையிலான காலத்தில், டெசிலிட்டருக்கு யூரிக் அமிலம் 8 மில்லிகிராமோ பாஸ்பேட் 4.5 மில்லிகிராமோ எட்டுதல், பொட்டாசியம் லிட்டருக்கு 6 மில்லிமோல் எட்டுதல், கால்சியம் டெசிலிட்டருக்கு 7 மில்லிகிராமாகக் குறைதல் என்னும் நான்கனுள் இரண்டேனும் அமைதல் வேண்டும்.

மயக்கம் நேரும் இடம்

முற்றிய கருப்பைவாய்ப் புற்று சிறுநீர் நாளங்களை நெருக்கும். 1999 முதல் கதிர்வீச்சுடன் இணைத்து வழங்கப்பெறும் சிஸ்பிளாட்டின் மருந்தோ சிறுநீரகத்திற்குத் தானே ஊறு செய்வது. எனவே கிரியாட்டினின் உயரும்போது இரு விடைகள் ஆயத்தமாக நிற்கின்றன. மூன்றாவதை எவரும் தேடுவதில்லை. அடைப்பாயின் மீயொலிப் படத்தில் சிறுநீரகம் பெரும்பாலும் விரிந்து தோன்றும். சிஸ்பிளாட்டின் ஊறாயின் மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் குறையும். கட்டிச் சிதைவிலோ பொட்டாசியம் ஏறும். பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் கிரியாட்டினினுக்கு ஒவ்வாத அளவில் ஏறிநிற்கும். இவ்விரண்டும் வழக்கமான சிறுநீரகப் பரிசோதனைப் பட்டியலில் பல வேளைகளில் இடம்பெறுவதில்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

திருவண்ணாமலைச் சூழல்

1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும், வேலூர், புதுச்சேரி மருத்துவமனைகளும் திருவண்ணாமலை மாவட்டத்தார் நாடக்கூடிய இடங்கள். மருந்தேற்றிய அன்றோ மறுநாளோ பேருந்தேறி ஊர் திரும்பும் நோயாளிக்கு, இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டும் 12 முதல் 72 மணி நேரம் வீட்டிலேயே கழிகிறது. வாந்தி, சோர்வு, சிறுநீர்க் குறைவு ஆகியன ‘மருந்தின் சூடு’ என்று பொறுத்துக்கொள்ளப்படும். பௌர்ணமி நோன்பிருந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்ல விரும்பும் பெண்ணிடம், அம்மூன்று நாள்களில் நீர் அருந்தாதிருத்தல் ஆகாது என்பதை மருத்துவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பெரிய கட்டி, கல்லீரல் பரவல், உயர்ந்த எல்.டி.எச்., முன்பே நலிந்த சிறுநீரகம் ஆகியன உடையோருக்கு 24, 48, 72-ஆம் மணிகளில் உள்ளூரிலேயே குருதிப் பரிசோதனை செய்யச் சீட்டெழுதிக் கொடுத்தல் பெருஞ்செலவுடையதன்று.

தடுப்பும் சிகிச்சையும்

நரம்புவழி நீரேற்றமே அடிப்படை. அல்லோபூரினால் புதிய யூரிக் அமிலம் உருவாவதைத் தடுக்கும், இருப்பதை நீக்காது. ராஸ்புரிகேஸ் இருப்பதையும் சிதைக்கும். ஆனால் விலை மிகுந்தது, ஜி6பிடி நொதிக் குறைபாடு உடையோருக்குக் குருதிச் சிவப்பணுக்களை உடைத்துவிடுவது. அம்மருந்து பெற்றவரின் குருதி மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்தே அனுப்புதல் வேண்டும். இன்றேல் குப்பியினுள்ளும் யூரிக் அமிலம் சிதைந்து, பொய்யான குறைந்த அளவு வரும். கருப்பைவாய்ப் புற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு: நாளம் அடைபட்டிருக்க நீரை மட்டும் ஏற்றினால் அது வெளியேற வழியின்றி நுரையீரலில் தேங்கும். அடைப்பை நீக்க நாளத்துள் குழாய் பொருத்துதலோ, விலாப்புறமாகச் சிறுநீரகத்தில் வடிகுழாய் இடுதலோ மருந்தேற்றத்திற்கு முன்பே முடிந்திருத்தல் நன்று. அதன் பின்னரும் பொட்டாசியம் இறங்காவிடில் டயாலிசிஸ் தொடங்கத் தாமதிக்கலாகாது.