காய்ச்சல்ல படுத்தா சம்பளம் போயிடுமா? பே ஸ்லிப்புல இந்த ஒரு வரியைப் பாருங்க!

விடியற்காலையில் வேடசந்தூர் ரோட்டில் போகிற மில் பஸ்களைப் பார்த்திருப்பீங்க. அதுல காய்ச்சலோட ஏறுறவங்களும் உண்டு. 'ஒரு நாள் போகலைன்னா ஒரு நாள் கூலி போச்சு'ங்கிற பயம்தான் காரணம். அந்தப் பயத்தைக் குறைக்கிற விஷயம் பே ஸ்லிப்பிலேயே இருக்கு. அதுதான் இ.எஸ்.ஐ பிடித்தம்.

யாருக்கு உண்டு?

10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்ற இடத்தில், மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குறவங்களுக்கு. 2019 ஜூலையிலிருந்து நம்ம பங்கு 0.75%, முதலாளி பங்கு 3.25%. தினம் 450 ரூபாய் வீதம் 26 நாள் வேலைன்னா, நமக்குப் பிடிக்கிறது 88 ரூபாய். அவர் கட்டுறது 381 ரூபாய்.

காய்ச்சல் வந்தா எவ்வளவு?

தினக்கூலியில் 70%. அதாவது 450-க்கு 315 ரூபாய். வருஷத்துக்கு 91 நாள் வரை வாங்கலாம். முதல் 2 நாளுக்குப் பொதுவா பணம் கிடையாது. அதனால 10 நாள் படுத்தா, 8 நாளுக்கு 2,520 ரூபாய். இதைக் கொடுக்கிறது முதலாளி இல்லை, இ.எஸ்.ஐ கழகம். உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்கே வரும்.

ஒரு கண்டிஷன்: ஏப்ரல் - செப்டம்பர்ல 78 நாள் சந்தா கட்டியிருந்தா, அடுத்த ஜனவரி - ஜூன்ல பலன். அக்டோபர் - மார்ச்ல கட்டினதுக்கு ஜூலை - டிசம்பர்ல பலன். முக்கியமா, இ.எஸ்.ஐ மருந்தகத்து டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கணும். மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு ரூம்ல படுத்துட்டா, கேட்கிறதுக்கு ஆதாரம் இருக்காது.

பிரசவத்துக்கு?

2017-லிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், முழுச் சம்பளத்தோட. இ.எஸ்.ஐ இருந்தா கழகம் கொடுக்கும். அதுக்கு முந்தைய ஒரு வருஷத்துல 70 நாள் சந்தா வேணும். 10 பேருக்கு மேல இருந்தும் இ.எஸ்.ஐ வரம்பைத் தாண்டின சம்பளம்னா, முதலாளியே கொடுக்கணும். இந்த லீவைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புறது சட்டப்படி குற்றம். அப்பாக்களுக்குத்தான் தனியார் துறையில் இப்படி ஒரு சட்டமே இல்லை.

ஜவுளிக்கடை, மொபைல் கடையில வேலையா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ல் நோய்க்கு வருஷம் 12 நாள் சம்பளத்தோட லீவு இருக்கு.

இப்போ என்ன மாறியிருக்கு?

2025 நவம்பர் 21-ல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. இ.எஸ்.ஐ, மகப்பேறு சட்டங்கள் இப்போ சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ள வருது. 26 வாரம் அப்படியேதான். ஆனா, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினா, தாண்டின தொகையும் சம்பளக் கணக்கில் சேரும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைச்சுக் காட்டுறது இனி சுலபமில்லை. வேலை நியமனக் கடிதமும் எல்லாருக்கும் கட்டாயம்.

இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணுதான். 'உமாங்' ஆப்பில் உங்க இ.எஸ்.ஐ நம்பரைப் போட்டு, மாசா மாசம் சந்தா ஏறியிருக்கான்னு பாருங்க. பே ஸ்லிப்புல பிடிச்சிருந்தும் அங்கே இல்லைன்னா, உடம்பு நல்லா இருக்கும்போதே இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்துல கேளுங்க. காய்ச்சல் வந்த பிறகு அந்த 78 நாளைத் தேட முடியாது!