செம்பருத்தியில் மாவுப்பூச்சி

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் செம்பருத்தியின் கொழுந்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. தண்டில் எறும்புகள் சாரைசாரையாக ஏறினாலே சந்தேகப்படலாம். பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகளே அதற்குக் காவல்!

பூச்சியின் மேலே மெழுகு படிந்திருப்பதால் மருந்து எளிதில் ஒட்டாது. முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளியுங்கள். ஒரு முறையோடு விட்டால் திரும்ப வந்துவிடும். வாரம் ஒருமுறை தொடருங்கள். செடியில் பொறிவண்டுகளைப் பார்த்தால் விரட்டாதீர்கள், அவை மாவுப்பூச்சியைத் தின்பவை.