இறங்கும் வித்தை

மாலை வேளையில் தொண்டைமானாற்றுப் பாலத்தருகே சிறிது நேரம் நிற்பது என் நெடுநாள் வழக்கம். ஒரு புறம் கடல், மறுபுறம் கடனீரேரி, அதன் கரையிலே செல்வச்சந்நிதி முருகன் கோயில். வெயில் தணியும் அவ்வேளையில் கொக்குகள் வந்து ஆழமற்ற நீரிலே இறங்கும். தூரத்திலிருந்து தாழ்ந்து வரும் கொக்கு, நீரை அண்மியதும் உடலைச் சற்றே நிமிர்த்தி, சிறகுகளை அகல விரித்துக் காற்றைத் தடுக்கும், வேகம் குன்றும், கால்கள் நீளும், நீர் கலங்காமல் நின்றுவிடும்.

பல்லாண்டு இதனைக் கண்டிருந்தும், இதிலே ஒரு கல்வி அடங்கியிருக்கின்றதென்று நான் உணர்ந்தது அண்மையில்தான். உணர்த்தியவன் என் தங்கையின் மகன். உயர்தர வகுப்பு மாணவன்.

கணினித் திரையிலே போர்விமானம் ஓட்டும் விளையாட்டொன்றில் அவனுக்கு மிகுந்த ஈடுபாடு. 'இல்-2 ஸ்டர்மோவிக்' என்பது அதன் பெயர். இரண்டாம் உலக யுத்தத்திலே சோவியத் படையினர் செலுத்திய தாக்குதல் விமானமொன்றின் பெயரைத் தாங்கி, 2001ஆம் ஆண்டில் ருஷியாவிலிருந்து வெளிவந்த விளையாட்டு அது. இவ்வகையானவற்றைச் சிமியுலேட்டர் என்பர். வெறும் விளையாட்டென்று ஒதுக்கிவிட முடியாது. காற்று, வேகம், எடை, சிறகின் கோணம் ஆகியவற்றைக் கணித்து, மெய்யான விமானம் எவ்வாறு நடந்துகொள்ளுமோ ஏறக்குறைய அவ்வாறே திரையிலுள்ள விமானத்தையும் நடத்துவிப்பது அது.

எனக்கோ அந்த ஒலி பிடிப்பதில்லை. காரணத்தை இவ்வூரவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊருக்குச் சில மைல் மேற்கே பலாலி விமானத்தளம் இருக்கின்றது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் அமைத்த தளம். 1947 டிசெம்பர் 10ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டபோது இவ்வழியாகவே சென்றது. பிரயாணிகளைக் கொண்டுவந்த அத்தளம் பின்னர் யுத்தத்தின் தளமாயிற்று. சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் 1990இல் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தனர். விமான ஒலி கேட்டால் வளவிலே வெட்டிய பதுங்குகுழிக்குள் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு இறங்கிய தலைமுறை எங்களுடையது. அந்த ஒலியை இன்று பிள்ளை ஒருவன் பொழுதுபோக்காக வீட்டுக்குள்ளே எழுப்பினால் மனம் எப்படி இசையும்?

ஒரு நாள் சிறிது கடுமையாகவே கேட்டேன்: "தம்பி, சுடுகிறதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லையோ?"

அவன் கோபிக்கவில்லை. "சுடுகிறது சுகம், மாமா. ஏறுகிறதும் சுகம். இறங்கத்தான் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியில் உடைத்துப் போடுகிறேன்," என்றான்.

அவனுடைய சங்கடம் இதுதான். விளையாட்டிலே ஒரு போர்ப்பணி நாற்பது நிமிடம் நீளும். தளத்திலிருந்து கிளம்பி, நெடுந்தூரம் பறந்து, சண்டை செய்து திரும்பி வந்தால், இறுதியில் ஒரேயொரு முறை தரையிறங்கலாம். அது பிழைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே, எது மிகக் கடினமோ அதற்கே மிகக் குறைந்த பயிற்சி கிடைத்தது.

இதற்கு அவன் கண்ட வழி எனக்கு வியப்பளித்தது. வேண்டிய பணியை வேண்டியவாறு நாமே அமைத்துக்கொள்ளும் பகுதியொன்று அவ்விளையாட்டினுள் உண்டு. தேசப்படம் விரியும், விமானம் செல்லவேண்டிய வழியைப் புள்ளி புள்ளியாகக் குறிக்க வேண்டும். முதற்புள்ளியைத் தளத்தில் வைத்தால் விமானம் நிலத்திலிருந்து கிளம்பும்; வெளியிலே வைத்தால் ஏற்கனவே வானிற் பறந்துகொண்டிருக்கும். அவன் முதற்புள்ளியை ஓடுபாதைக்கு நேரே, 6 கிலோமீற்றர் தூரத்தில், 300 மீற்றர் உயரத்தில் வைத்தான். இறுதிப்புள்ளியை ஓடுபாதையில் வைத்தான். பகைவிமானங்களை நீக்கினான். குண்டுகளை இறக்கினான். எரிபொருளைக் குறைத்தான். காற்றில்லாத, மேகமில்லாத நண்பகலைத் தெரிந்தெடுத்தான். போர் விளையாட்டிலிருந்து போர் கழிந்தது. இறக்கம் மட்டும் எஞ்சியது!

அந்தத் தூரமும் உயரமும் குருட்டாம்போக்கிற் கொண்டவையல்ல. விமானம் இறங்கும் பாதை நிலத்தோடு ஏறக்குறைய 3 பாகைக் கோணம் கொள்வது பொதுவான முறை. அக்கணக்கின்படி 300 மீற்றர் உயரத்துக்கு 6 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம் வேண்டும். ஓர் இறக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும். முன்னர் ஒரு மணி நேரத்தில் ஒரு முறை செய்ததை, இப்போது ஏறக்குறைய இருபது முறை செய்யலாம்.

விமானமோட்டும் கல்வியின் வரலாற்றை நோக்கினால், எங்கள் வீட்டுப் பிள்ளை கண்ட வழி உலகம் முன்னரே நடந்த வழியென்பது புலனாகும். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டளவில் நிலத்திலேயே நின்று ஆடும் பயிற்சி யந்திரமொன்றைச் செய்தார். அவருடைய குடும்பத்தினர் ஓர்கன் என்னும் இசைக்கருவி செய்பவர்கள். அக்கருவியின் துருத்தியையே கொண்டு சிறு விமானக்கூட்டை ஏறவும் தாழவும் சாயவும் வைத்தார். தொடக்கத்தில் அது களியாட்ட விழாக்களிலே வேடிக்கைப் பொருளாய் நின்றது. 1934இல் தபால் கொண்டுசென்ற இராணுவ விமானிகள் பலர் மேகத்திலும் இருளிலும் சிக்கி மாண்ட பின்னரே, இராணுவம் அத்தகைய யந்திரங்கள் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவை ஆயிரக்கணக்கிற் பெருகின. விளையாட்டுப் பொருளென்று சிரித்தவர்களுக்கு அதன் அருமையை உணர்த்த உயிர்கள் போகவேண்டியிருந்தன.

கடற்படை விமானிகளின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் இறங்கவேண்டிய நிலமே அலைமேல் ஆடுவது. ஆகையால், கப்பலின் மேற்றளத்தின் அளவை நிலத்து ஓடுபாதையிலே கோடிட்டுக் காட்டி, கையிலே மட்டைகள் ஏந்திய ஒருவர் சைகை செய்ய, பிரித்தானிய விமானிகள் திரும்பத் திரும்ப அதிலே இறங்கிப் பழகினர். கோட்டைத் தவறினால் நாணம் மட்டுமே. கப்பலைத் தவறினால் கடல். அக்கடற்படை விமானப் பிரிவுக்கு யுத்த காலத்தில் நம் இலங்கையிலும் கட்டுக்குருந்தை, புத்தளம் முதலிய இடங்களில் தளங்கள் இருந்தன. புத்தளத்திலே சேற்றிற் புதைந்த விமானத்தை யானை கட்டி இழுத்த செய்தி இன்றும் சுவையோடு பேசப்படுவது.

என் மருமகனின் பயிற்சிக்கு வருவோம். முதல் நாளிலே இருபது முறையும் உடைத்தான். வேகம் மிகுந்து வந்தபோது விமானம் நிலத்தைத் தொட மறுத்து, ஓடுபாதை முழுவதும் மிதந்து சென்றது. வேகம் குன்றியபோது சிறகு தாங்காமல் கல்லெனத் தொப்பென்று விழுந்தது. ஸ்பிற்பயர் போன்ற விமானங்களில் நீண்ட மூக்கு முன்னுள்ள பாதையை மறைத்துவிடும். ஆகவே நேரே வராமல் வளைந்து வந்து, இறுதிக் கணத்திலேதான் நேராக்க வேண்டும். நிலத்தை நெருங்கியதும் மூக்கை மெல்ல உயர்த்தி வேகத்தைக் கரைக்க வேண்டும். இதைக் கேட்டபோதுதான் என் கொக்கு நினைவுக்கு வந்தது.

காற்றில்லாத நண்பகல் கைவந்த பின்னர், பக்கக்காற்றைச் சேர்த்தான், பின்னர் மாலையிருளை, பின்னர் மழையை. ஒரு நேரத்தில் ஒரு சிரமமே கூட்டினான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று எங்களுக்கு ஆசிரியப் பயிற்சியிலே போதித்த முறையை, போதிக்காமலே அவன் கைக்கொண்டான்.

எல்லாவற்றினும் மேலாக அவன் கற்றது வேறொன்று. பாதை பிசகிவிட்டதென்று கண்டால், பிடிவாதமாக இறங்க முயலாமல், எஞ்சினுக்கு முழு வலுக் கொடுத்து மேலெழுந்து, மறுமுறை சுற்றி வருவது. தொடக்கத்தில் அதனைத் தோல்வியென்று எண்ணினான். மெய்யான விமானிகளுக்கு அது தோல்வியன்று. கட்டாயம் கற்கவேண்டிய பாடம். "இம்முறை வேண்டாம், மறுமுறை பார்ப்போம்" என்று உரிய வேளையில் தீர்மானிக்கும் துணிவு, இறங்கும் துணிவிலும் பெரிது.

ஆசிரியர்களாகிய நாம் இதனைச் சிந்திக்க வேண்டும். மாணவரின் கட்டுரைகளைத் திருத்துந்தோறும் நான் கண்டது, தொடக்கம் அழகாயிருக்கும். முடிவு தடுமாறி விழும். தொடங்குவதற்கு நாம் பயிற்சி அளிக்கின்றோம், முடிப்பதற்கு அளிப்பதில்லை. நேரம் தீர்ந்த பின்னர் முடிவு எதுவாயினும் ஆகட்டுமென்று விட்டுவிடுகின்றோம். முழுக் கட்டுரையையும் எழுதச் சொல்லாமல், இறுதிப் பந்தியை மட்டும் பத்து முறை எழுதச் சொன்னால் என்ன?

திரைப்பயிற்சிக்கு எல்லையுண்டு என்பதையும் சொல்லவேண்டும். அங்கே விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தி எழுந்துவிடலாம். அடிவயிற்றிலே எழும் அச்சமும், இருக்கையின் வழியாக உடல் உணரும் அசைவும் அங்கில்லை. இருபது முறை இறங்கியவன் விமானியாகிவிட மாட்டான். ஆயினும், கையும் கண்ணும் கற்றுக்கொண்டவை மெய்யான வேளையில் அச்சத்துக்குச் சிறிது இடங்குறைக்கும்.

பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. 2020இல் நோய்த்தொற்றினால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டது. ஒரு நாள் முற்பகலில் நானும் மருமகனும் கடற்கரையிலே நின்றபோது, வடமேற்கே அந்தச் சிறு விமானம் கடலின்மேல் தாழ்ந்து சென்றது. ஒலி கேட்டதும் பழைய வழக்கத்தால் என் உடல் ஒரு கணம் ஒடுங்கியது. அவனோ கண்ணைச் சுருக்கி நோக்கி, "நல்ல நேராய் வருகுது, மாமா," என்றான்.

நானும் நிமிர்ந்து பார்த்தேன். பலாலியை நோக்கி இறங்கும் விமானமொன்று நலமாக இறங்கவேண்டுமென்று என் வாழ்நாளில் நெடுங்காலத்துக்குப் பின் அன்றுதான் விரும்பினேன்.