அறையைக் கைக்குள் அடக்கும் வித்தை: ரிவெர்ப்

(இறுதியாண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

நண்பர்களே, பாத்ரூமில் பாடாதவர் யாராவது நம் விடுதியில் உண்டா? காலை ஆறரை மணிக்கு வாளித் தண்ணீரோடு உள்ளே போனவன், வெளியே வரும்போது பெரிய பாடகனாகத்தான் வருகிறான். அதே ஆள் மைதானத்தில் நின்று அதே பாட்டைப் பாடினால் "போதும் மாப்ள, விட்ரு" என்கிறோம். குரல் ஒன்றுதான். சுற்றியிருக்கும் சுவர்தான் வேறு. ஓடு பதித்த நான்கு சுவரும் அவன் குரலை ஆயிரம் முறை திருப்பித் தந்து, இடைவெளிகளை நிரப்பி, மெருகேற்றி விடுகின்றன. இந்த மெருகுக்குப் பெயர்தான் ரிவெர்ப். பாடப்புத்தகத் தமிழில் எதிர்முழக்கம்.

அந்தச் சுவர்களை ஒரு சிறிய நிரலுக்குள் அடைத்து, கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவு செய்த எந்தக் குரலுக்கும் மாட்டிவிடலாம். அதுதான் ரிவெர்ப் ப்ளக்இன். அது எப்படி வேலை செய்கிறது, எந்தத் திருகாணியை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எக்கோ வேறு, ரிவெர்ப் வேறு

நம் ஊர்க் கச்சேரிகளில் பாடகர் மேடையிலிருந்து மைக்செட் அண்ணனைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் எக்கோ வைங்க" என்பார். அவர் கேட்பது பெரும்பாலும் ரிவெர்ப்தான். மலையடிவாரத்தில் நின்று "ஓய்" என்றால் சற்று நேரம் கழித்துத் தனியாக ஒரு "ஓய்" திரும்பி வருகிறதே, அதுதான் எக்கோ. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. பத்தில் ஒரு நொடி இடைவெளி இருந்தால் காது இரண்டையும் பிரித்துக் கேட்கும். அதற்குச் சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். இது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

சுவர்கள் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? முதல் எதிரொலி வந்து முடிவதற்குள் இரண்டாவது, பத்தாவது, நூறாவது என்று வந்து குவிந்துவிடும். காதால் எண்ண முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே வால் போல நீண்டு, மெல்லத் தேய்ந்து மறையும். அந்த வால்தான் ரிவெர்ப்.

மெத்தை சுமந்த பேராசிரியர்

இந்த வாலை முதன்முதலில் அளந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் சொற்பொழிவு அறையில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் ஐந்தரை விநாடி வரை அது அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. "இதைச் சரி செய்யுங்கள்" என்று இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் ஒப்படைத்தார்கள்.

அவரிடம் இருந்த கருவிகள் என்ன? ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்துக் கடிகாரம், சொந்தக் காது. அவ்வளவுதான். ராத்திரி நேரத்தில் பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு தூக்கி வந்து, அறையில் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி மறையும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும்! இந்த மெத்தைக் கூத்திலிருந்து பிறந்ததுதான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் சூத்திரம்:

T = 0.161 × V ÷ A

T என்பது ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரம், விநாடியில். V அறையின் கன அளவு. A அறை ஒலியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது. ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னலை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ள வேண்டும். திறந்த ஜன்னலுக்குப் போன ஒலி திரும்பி வராதல்லவா? 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்கின் துணையோடுதான் கட்டப்பட்டது.

நம் வகுப்பறைக்கே போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். V = 320. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 304 சதுர மீட்டர். சிமெண்ட் பூச்சு ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்குதான் குடிக்கிறது என்று கொண்டால் A = 12.16. ஆக T = 4.2 விநாடி! காலி வகுப்பில் ஆசிரியர் பேசினால் கொயகொயவென்று கேட்பது இதனால்தான். இப்போது 60 பேர் உள்ளே வருகிறோம். ஓர் ஆளுக்கு 0.45 என்று வைத்தால் 27 அலகு கூடுகிறது. T = 1.3 விநாடி. பாடத்தைக் கவனிக்காவிட்டாலும் நாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் கல்லூரிக்கு இவ்வளவு நன்மை உண்டு! வருகைப் பதிவு குறைந்தவர்கள் கவனிக்கவும்.

அறையில்லாமல் அறை செய்வது

பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த வால் வேண்டியிருந்தது, ஆனால் பெரிய ஹாலை வாடகைக்கு எடுக்க முடியவில்லை. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் ஒரு வேலை செய்தார். ஹார்மோனிகேட்ஸ் குழுவின் ஒரு பாட்டை ஸ்டூடியோவின் குளியலறையில் ஸ்பீக்கர் வைத்து ஒலிக்கவிட்டு, அங்கேயே மைக் வைத்துத் திரும்பப் பிடித்தார். ஆக, பாத்ரூம் பாடகர்களுக்கு வரலாற்றில் இடம் உண்டு!

1957இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் 140 என்ற கருவியைக் கொண்டுவந்தது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எஃகுத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதை அதிரவைத்து, அந்த அதிர்வைப் பிக்கப் மூலம் எடுத்தார்கள். எடை கால் டன்னுக்கு மேல். இன்றைய ப்ளக்இன்களில் "பிளேட்" என்று பார்க்கிறோமே, அது இதன் வாரிசு. "ஸ்பிரிங்" என்பது ஹாமண்ட் ஆர்கனிலும் கிதார் ஆம்ப்ளிஃபயர்களிலும் இருந்த சுருள்கம்பியின் வாரிசு.

அடுத்த பெரிய தாவல் கணக்கால் வந்தது. பெல் ஆய்வகத்தின் மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில், சுவரே இல்லாமல் டிலேக்களை மட்டும் வைத்து ரிவெர்ப் செய்யும் வழியைச் சொன்னார். விஷயம் எளிது. ஒலியை 30 மில்லிவிநாடி தாமதித்து, 0.8ஆல் பெருக்கி, மறுபடி உள்ளேயே விட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 1.94 டெசிபல் குறையும். 60 டெசிபல் குறைய 31 சுற்று. 31 × 30 = 930 மில்லிவிநாடி. ஆக, ஒரு விநாடி ரிவெர்ப் ரெடி! ஒன்று மட்டும் வைத்தால் தகரத்தில் தட்டியது போலக் கேட்கும். அதனால் வெவ்வேறு நீளமுள்ள நான்கைப் பக்கம் பக்கமாக வைத்து, அதன்பின் ஆல்பாஸ் ஃபில்டர்கள் இரண்டைத் தொடராக வைத்தார். 2000ஆம் ஆண்டு வாக்கில் வெளிவந்து பல நிரல்களுக்குள் புகுந்த ஃப்ரீவெர்ப் இதே அமைப்பின் பெரிய வடிவம்தான்: எட்டு பக்கம் பக்கமாக, நான்கு தொடராக.

இந்தக் கணக்கைச் செய்ய 1976இல் ஈஎம்டி 250 என்ற தனி இயந்திரமே தேவைப்பட்டது. 1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி முறையை அறிமுகப்படுத்திய பிறகு இவையெல்லாம் ப்ளக்இன்களாக வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

திருகாணிகளைத் தெரிந்துகொள்வோம்

எந்த ப்ளக்இன்னைத் திறந்தாலும் கீழ்க்கண்டவை இருக்கும்.

ப்ரீ-டிலே: நேரடிக் குரலுக்கும் வால் தொடங்குவதற்கும் இடையிலான நேரம். 20 மில்லிவிநாடி என்றால் எதிரொலி சுமார் 7 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். சொல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் முதலில் தொட வேண்டியது இதைத்தான். சொல்லின் தலை தப்பித்த பிறகு வால் வரட்டும்.

டிகே: வாலின் நீளம். சபைனின் அதே T. வேகமான பாட்டுக்குக் குறைவாக, மெதுவான பாட்டுக்குக் கூடுதலாக. அடுத்த அடி விழுவதற்குள் முந்தைய அடியின் வால் பெரும்பாலும் அடங்கிவிட வேண்டும்.

சைஸ்: சுவர்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது.

டாம்பிங்: கீச்சு ஒலிகள் எவ்வளவு சீக்கிரம் சாக வேண்டும் என்பது. திரைச்சீலையும் ஆட்களும் நிறைந்த அறையில் கீச்சு சீக்கிரம் மறையும். சலவைக்கல் மண்டபத்தில் நீளும்.

வெட், டிரை: ரிவெர்ப் எவ்வளவு, அசல் எவ்வளவு என்ற கலவை. சாம்பாரில் பெருங்காயம் போல. இருப்பது தெரியக் கூடாது, இல்லாவிட்டால் தெரிய வேண்டும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் குரல் டிராக்கை நகல் எடுத்துக்கொள்வேன். நகலுக்கு மட்டும் "வெட் ஒன்லி" போட்டு ரிவெர்ப் கொடுப்பேன். அசல் அப்படியே இருக்கும். பிறகு நகலின் ஒலியளவை ஏற்றி இறக்கினால் போதும். நகலில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டால் குழப்பம் பாதி குறையும். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவின் பெயரால் வழங்கும் பழைய உபாயம் இது. இன்னொரு சோதனையும் உண்டு. எல்லாம் சரி என்று தோன்றும் இடத்துக்கு ரிவெர்ப்பை ஏற்றுங்கள். பத்து நிமிடம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து கேளுங்கள். நிச்சயம் குறைப்பீர்கள்.

நாடகம் போடும் நண்பர்களுக்கு: ஆள் தூரத்தில் இருப்பதாகக் காட்ட, ரிவெர்ப்பைக் கூட்டாதீர்கள், அசலைக் குறையுங்கள். பேய் வர வேண்டுமா? வசனத்தைத் தலைகீழாகத் திருப்பி, ரிவெர்ப் கொடுத்து, மறுபடி திருப்புங்கள். பேசுவதற்கு முன்பே வால் வந்து நிற்கும்! டிரம்ஸ் வெடிக்க வேண்டுமா? வாலைப் பாதியிலேயே கேட் வைத்து வெட்டுங்கள். 1980இல் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் ஃபில் காலின்ஸ் வாசித்த டிரம்ஸில் வந்து உலகைக் கலக்கிய ஒலி அது.

இடிக்கப்படும் ஹாலும் ஒரு பலூனும்

இதுவரை சொன்னது கணக்கால் செய்த கற்பனை அறை. உண்மையான ஓர் அறையையே பிடித்துவைக்கவும் வழி உண்டு. அதற்குப் பெயர் கன்வல்யூஷன்.

அறையில் "டப்" என்று ஒரு சத்தம் எழுப்பி, அது தேயும் வரை பதிவு செய்தால் கிடைப்பது அந்த அறையின் கைரேகை. பிறகு நம் குரலின் ஒவ்வொரு சாம்பிளையும் ஒரு குட்டி "டப்" என்று கருதி, ஒவ்வொன்றுக்கும் அந்தக் கைரேகையை ஒட்டி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மூன்று விநாடிக் கைரேகை என்றால் 1,32,300 சாம்பிள். நொடிக்கு 44,100 முறை அத்தனையையும் பெருக்கினால் சுமார் 583 கோடிப் பெருக்கல்! நாம் கணிதத் தாளில் பார்த்துப் பயந்த ஃபூரியர்தான் இதைச் சில துளி நேரத்தில் முடித்துத் தருகிறார்.

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பலூன் உடைத்து இப்படித்தான் பதிவு செய்தார்கள். அங்கே வால் பத்து விநாடிக்கும் மேல். அந்த ஒலியை வைத்து, அந்த மாடத்தின் கீழ் ஒருகாலத்தில் ஒலித்த பாடல்களை கப்பெல்லா ரொமானா குழு அமெரிக்காவிலிருந்தபடியே பாடி 2019இல் வெளியிட்டது.

அதைப் படித்ததும் எங்களுக்கு நம் பழைய ஹால்தான் நினைவுக்கு வந்தது. புதுக் கட்டடத்துக்காக இந்தக் கோடையில் அதை இடிக்கப் போகிறார்கள். வரவேற்பு விழா முதல் பிரிவுபசாரம் வரை நமக்கு எல்லாமே அங்கேதான். துறை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு நான்கு பேர் போனோம். சாவி கொடுத்த அட்டெண்டர் அண்ணாச்சி, "பலூன் உடைக்கவாடே இந்நேரத்துக்கு என்னைய எழுப்புனீய?" என்றார். மின்விசிறிகளை நிறுத்தி, மேடை நடுவில் நின்று ஐந்து பலூன் உடைத்தோம். முதல் பலூனுக்கே கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்து, அந்தப் பதிவு வீண். நான்காவது நன்றாக வந்தது. வால் 3.1 விநாடி.

மறுநாள் விடுதி அறையில் சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு, அண்ணாச்சியையே இரண்டு வரி பேசச் சொன்னோம். ஆண்டு விழா அன்று அவர் வழக்கமாக மைக்கில் சொல்வாரே, "கடைசி வரிசையில நிக்கிறவங்க உள்ள வந்து உக்காருங்க" என்று, அதுதான். உலர்ந்த குரல். அதன் மேல் ஹாலின் கைரேகையைப் போட்டு, ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்ம ஹாலுல்லாடே இது" என்றார்.

இந்த மலர் உங்கள் கைக்கு வந்து, நீங்கள் அதைப் பழைய பெட்டியில் போட்டு, பத்து வருடம் கழித்து எடுத்துப் புரட்டும்போது அந்த ஹால் இருக்காது. ஆனால் அதன் வால் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான ஒரு கோப்பாக நம் துறை ஆய்வகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வேண்டுபவர்கள் பென் டிரைவோடு வந்து வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம்.

உங்கள் வீட்டில் பழைய ஓட்டு வீடோ, தாத்தா காலத்து அரிசி மில்லோ, தண்ணீர் வற்றிய கிணறோ இடிபடவோ மூடப்படவோ போகிறதா? போட்டோ எடுப்பீர்கள், சரி. கூடவே ஒரு பலூனும் வாங்கிப் போங்கள். இரண்டு ரூபாய்தான்.