வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தல்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு

வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தல் என்பது, வங்கியுடன் ஒப்புக்கொண்ட மாதத் தவணைக்கு மேல் கூடுதலாகப் பணம் செலுத்தி, அசலைக் குறித்த காலத்துக்கு முன்பே குறைப்பது அல்லது முழுவதும் தீர்ப்பது ஆகும். ஒரு பகுதியை மட்டும் கட்டினால் அது பகுதி முன்செலுத்தம். மொத்தப் பாக்கியையும் கட்டினால் முழு முன்முடிப்பு.

மாதச் சம்பளக்காரருக்கு வருமானமும் தவணையும் ஒரே தாளத்தில் வருகின்றன. தேனி மாவட்டத்தில் பலருக்கு அப்படி இல்லை. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வழக்கமாக ஜூன் மாதத்தில் தண்ணீர் திறக்கப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. நெல்லுக்குப் பணம் போகத்துக்கு ஒருமுறை வரும். கம்பம், கூடலூர் பகுதிகளின் பன்னீர் திராட்சை (2023இல் புவிசார் குறியீடு பெற்றது), சின்னமனூர் வாழை, போடிநாயக்கனூர் ஏலத்தில் விற்கும் ஏலக்காய் ஆகியவற்றின் வருமானமும் மொத்தமாகத்தான் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணையோ மாதம் தவறாமல் வரும். அறுவடைப் பணத்தில் எவ்வளவை, எப்போது, எந்த நிபந்தனையுடன் கடனில் கட்டுவது என்பதே இங்குள்ள குடும்பங்களின் கேள்வி.

வட்டி கணக்கிடப்படும் முறை

மாதத் தவணை மாறாமல் இருந்தாலும் அதற்குள் இருக்கும் வட்டி, அசல் பங்குகள் மாதந்தோறும் மாறுகின்றன. 20 லட்சம் ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டுக் காலம் என்று கொள்வோம். மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் மாதத்தில் இதில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 2,995 ரூபாய் மட்டுமே. வட்டி விகிதம் மாறாமல் 20 ஆண்டும் கட்டி முடித்தால், வாங்கிய 20 லட்சத்துக்கு வட்டி மட்டும் ஏறத்தாழ 23.19 லட்சம் ஆகும்.

கூடுதலாகக் கட்டும் தொகை முழுவதும் அசலில் கழிகிறது. அந்தத் தொகைக்கு மீதமுள்ள காலம் முழுவதும் வட்டி ஏறாது. எனவே எவ்வளவு முன்னதாகக் கட்டுகிறோமோ அவ்வளவு பலன் அதிகம். மேற்சொன்ன கடனில் முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் ரூபாய் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், கடன் 27 மாதங்கள் முன்னதாக முடியும். வட்டியில் சுமார் 3.96 லட்சம் மிச்சமாகும். அதே ஒரு லட்சத்தை 15ஆம் ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சமாவது சுமார் 52,000 ரூபாய்தான்.

பெரிய தொகை இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரே ஒரு தவணைத் தொகையை மட்டும் கூடுதலாகக் கட்டி வந்தால், 20 ஆண்டுக் கடன் சுமார் பதினாறரை ஆண்டில் முடியும். மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 4.6 லட்சம்.

காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா?

முன்செலுத்தம் செய்யும்போது இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதலாவது, தவணை அப்படியே இருக்க, காலத்தைக் குறைப்பது. இரண்டாவது, காலம் அப்படியே இருக்க, தவணையைக் குறைப்பது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதல் ஆண்டு முடிவில் கட்டும் ஒரு லட்சத்துக்கு இரண்டாம் வழியைத் தேர்ந்தால், தவணை சுமார் 917 ரூபாய் குறையும்; மொத்த வட்டி மிச்சம் சுமார் 1.09 லட்சம்தான். முதல் வழியில் அது 3.96 லட்சம். விளைச்சல் நிச்சயமில்லாத குடும்பத்துக்கு மாதச் சுமை குறைவது நிம்மதி தரலாம். ஆனால் அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலையை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த வழி வேண்டும் என்பதை வங்கிக் கிளையில் எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது. கட்டிய பணம் அசலில் கழிக்கப்பட்டதா, முன்பணத் தவணையாக வரவு வைக்கப்பட்டதா என்பதைக் கணக்கு அறிக்கையில் சரிபார்த்து, திருத்தப்பட்ட தவணை அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அபராதக் கட்டணம் உண்டா?

தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு முன்முடிப்புக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூலையில் வெளியிட்ட விதிகள், 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குப் பொருந்தும். இவற்றின்படி, தனிநபர் தொழில் அல்லாத நோக்கத்துக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடனைப் பகுதியாகவோ முழுதாகவோ அடைக்கக் கட்டணம் இல்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தடையில்லை. நிலையான வட்டிக் கடன்களுக்குக் கட்டணம் இருக்கக்கூடும். கடன் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

வட்டி உயரும்போது

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 20 லட்சம் வாங்கியவரின் தவணை சுமார் 15,506 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால், அசல் முழுவதும் பாக்கியிருக்கும் நிலையில் மாத வட்டியே 15,833 ரூபாய். அதாவது தவணை முழுவதும் கட்டியும் கடன் குறையாது, வளரும். இதனால், வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையை உயர்த்துவது, காலத்தை நீட்டிப்பது, முன்கூட்டிச் செலுத்துவது ஆகிய வழிகளைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. வட்டி ஏறிய ஆண்டில் கிடைக்கும் அறுவடைப் பணத்துக்கு இங்கு கூடுதல் மதிப்பு உண்டு.

அறுவடைப் பணத்துக்கு வரிசை

கையில் வரும் பணம் முழுவதையும் வீட்டுக் கடனில் போடுவது சரியல்ல. வட்டி அதிகமுள்ள கடனை முதலில் தீர்ப்பதே பொது விதி. கந்துவட்டிக் கடன், தனிநபர் கடன், கடன் அட்டைப் பாக்கி ஆகியவை வீட்டுக் கடனைவிட வட்டி கூடியவை.

பயிர்க் கடன் இதற்கு விலக்கு. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பெறும் பயிர்க் கடனைக் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை. கெடு தவறினால் அந்தச் சலுகை போய்விடும். எனவே அதைக் கெடுவுக்கு முன் அவசரமாக அடைக்கவும் வேண்டாம். கெடுவைத் தாண்டவும் விடக் கூடாது.

அடுத்த போகத்துக்கான விதை, உரம், கூலிச் செலவையும், குறைந்தது ஆறு மாதத் தவணையையும் தனியே ஒதுக்கிய பிறகே முன்செலுத்தம் செய்ய வேண்டும். சாதாரணக் கடன் கணக்கில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டியவருக்கும் அடுத்த மாதத் தவணை தள்ளிப்போகாது. மழை பொய்த்தோ விலை சரிந்தோ தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக் கடனாகும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வீடு ஏலம் வரை போகலாம். பணத்தைத் தேவைப்படும்போது திரும்ப எடுக்கும் வசதி வேண்டுவோர், ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனைப் பற்றி விசாரிக்கலாம். அதில் போட்டு வைக்கும் தொகைக்கு ஈடான கடனுக்கு வட்டி ஏறாது.

வரிச் சலுகைக்காகக் கடனை நீட்டிப்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு; புதிய முறையில் இல்லை. விவசாய வருமானம் மட்டுமே உள்ளவர் மத்திய வருமான வரி கட்டுவதில்லை என்பதால், அவருக்கு இந்தக் கழிவால் பலனில்லை.

கடன் முடிந்த பின்

கடைசிப் பாக்கியைக் கட்டியதும் கடன் இல்லாச் சான்றிதழ் பெற வேண்டும். மூல ஆவணங்களை 30 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் பெறும்போது, உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. கடன் தீர்ந்த பின் வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால், கடன் தீர்ந்த பிறகும் வில்லங்கச் சான்றிதழில் அடமானம் நிலுவையில் இருப்பதாகவே தெரியும். வீட்டை விற்கவோ மறுபடி கடன் வாங்கவோ போகும்போது சிக்கல் வரும். ரசீது பதிவான பின் புதிதாக ஒரு வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, பதிவு ஏறியிருப்பதைச் சரிபார்த்து, பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.