தாய்லாந்தில் ஒயின் பார்: பினாமிப் பங்கின் ஆபத்தும் சட்டம் தரும் காப்பும்

தாய்லாந்தில் ஒயின் பார் நடத்த விரும்பும் வெளிநாட்டவரை முதலில் கட்டுப்படுத்துவது 1999ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் வணிகச் சட்டமாகும். உணவும் பானமும் விற்கும் தொழிலை அதன் மூன்றாம் பட்டியல் தனி உரிமம் இல்லாத வெளிநாட்டவருக்கு மறுக்கிறது. மூலதனத்தில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் உள்ள நிறுவனமும் வெளிநாட்டு நிறுவனமாகவே கருதப்படுவதால், 1966ஆம் ஆண்டு நட்புறவு உடன்படிக்கையால் விலக்குப் பெறும் அமெரிக்கர் நீங்கலாகப் பெரும்பாலோர் 49 விழுக்காட்டுப் பங்கோடு நின்றுவிடுகின்றனர்.

எஞ்சிய 51 விழுக்காட்டில்தான் பினாமி ஏற்பாடு நுழைகிறது. வெளிநாட்டவர் முழுப் பணத்தையும் போட, உள்ளூர்க்காரர் பெயரை மட்டும் கொடுக்கும் இம்முறையை 36ஆம் பிரிவு குற்றமாக்கி, பெயர் கொடுத்தவர், அதற்கு இடந்தந்த வெளிநாட்டவர் ஆகிய இருவருக்கும் மூன்றாண்டு வரை சிறையோ, 1 லட்சம் முதல் 10 லட்சம் பாட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. பினாமி பின்னாளில் பங்கு தமதே என்று சாதித்தால், அதை மீட்க வழக்குத் தொடுப்பவர் தம் குற்றத்தைத் தாமே மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

தம் பணத்தையே முதலீடு செய்யும் உண்மையான பங்காளியோடு சேர்பவருக்கோ சிறுபான்மைப் பங்கும் வலுவான காப்பாகிறது. நிறுவனத்தின் விதிகளைத் திருத்தவும் மூலதனத்தைக் கூட்டவும் சிறப்புத் தீர்மானம், அதாவது கூட்டத்தில் பதிவாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு, தேவைப்படுவதால், கூட்டத்துக்கு வந்து எதிர்த்து வாக்களிக்கும் 49 விழுக்காட்டாளரை மீறி அவற்றை நிறைவேற்ற முடியாது; மேலும், ஐந்தில் ஒரு பங்கு உடையோர் நிறுவனத்தின் நடப்பை ஆராய ஆய்வாளரை நியமிக்குமாறு அரசிடம் கோரலாம்.

பங்குரிமை சீராக இருந்தாலும் வேறு மூன்று ஏற்பாடுகள் தனித்தனியே தேவை. மூன்றாண்டுக்கு மேற்பட்ட கட்டடக் குத்தகையை நில அலுவலகத்தில் பதியாவிட்டால் அது மூன்றாண்டுக்கு மட்டுமே செல்லும். மது விற்கக் கலால் துறையின் உரிமம் வேண்டும். பங்குதாரரே ஆனாலும் வேலை அனுமதி இன்றிக் கடையில் பணிபுரியும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடு கடத்தலும் நேரலாம். ஆகவே பங்காளியின் முதலீட்டுக்குச் சான்றையும் குத்தகைப் பதிவையும் உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுப்பது தக்கது.